‘கட்டு’ என்னும் வினை: திருவனந்தபுரம் கரையில் படகு கட்டக் கற்ற வரலாறு

(நீண்ட பதிவு. மொழியியல், வரலாறு, மானிடவியல் மாணவர்களை முதன்மையாக எண்ணி எழுதியது.)

படகு கட்டக் கற்றுக்கொள்ள விரும்பும் ஒருவர் எங்கிருந்து தொடங்க வேண்டும்? கரியவட்டம் வளாகத்தில் முதுகலை மாணவர் ஒருவர் அண்மையில் இக்கேள்வியை என்னிடம் கேட்டார். படகு உறுப்புகளின் பெயர்களைத் தொகுத்துவரும் ஆய்வாளருக்குப் படகு கட்டவும் தெரிந்திருக்கும் என்பது அவருடைய நம்பிக்கை. நான் இரண்டு கையேடுகளின் பெயர்களைச் சொல்லி அனுப்பிவிட்டேன். அந்த விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. திருவனந்தபுரம் மாவட்டக் கடற்கரை இதே கேள்விக்கு ஒன்றன்பின் ஒன்றாகப் பல விடைகளைக் கண்டிருக்கிறது. அவ்விடைகளின் வரலாற்றைச் சொல்லாமல் கையேட்டின் பெயரை மட்டும் சொல்வது, இலக்கணத்தைக் கையில் கொடுத்துப் பேசு என்பது போன்றது.

1. ஒரு வினை, இரு பொருள்

சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். தமிழில் கயிற்றால் பிணைப்பதும் ‘கட்டுதல்’. வீட்டையோ படகையோ உருவாக்குவதும் ‘கட்டுதல்’. மலையாளத்தில் இவ்வினை ‘கெட்டுக’ என்று முன்னுயிர் திரிந்து வழங்குகிறது. தென்கேரளத்தின் இரு பழைய கலங்கள் இந்த ஒரே வினையைத் தம் பெயரில் தாங்கியிருக்கின்றன: ஒன்று கட்டுமரம், மற்றொன்று கெட்டுவள்ளம். முன்னது கட்டைகளைக் கயிற்றால் பிணைத்தது. பின்னது பலகைகளைக் கயிற்றால் தைத்தது. ஆணி அடித்து உருவாக்கும் கலத்தையும் நாம் ‘கட்டுகிறோம்’ என்றே சொல்கிறோம். கயிறு போன பின்னும் வினை நிற்கிறது.

கட்டுமரம் என்பது வினைத்தொகை. கட்டிய மரம், கட்டுகின்ற மரம், கட்டும் மரம் என முக்காலத்துக்கும் விரியக்கூடியது. பள்ளி இலக்கணத்தில் ஊறுகாய், சுடுசோறு என்ற வரிசையில் இதையும் மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறோம். ஆனால் கட்டுமரத்தைப் பொறுத்தவரை முக்காலமும் இலக்கணக் கற்பனை அல்ல. கடலிலிருந்து திரும்பியதும் கட்டு அவிழ்க்கப்படும். நீரை உறிஞ்சிக் கனத்துவிட்ட கட்டைகள் மணலில் தனித்தனியே உலரும். அடுத்த பயணத்துக்கு முன் மீண்டும் கட்டப்படும். ஒரு கட்டுமரம் ஒருபோதும் கட்டி முடிக்கப்படுவதில்லை. படகு கட்டக் கற்பதன் வரலாற்றுக்கு இதுவே என் தொடக்கப் புள்ளி.

2. அவிழ்த்துக் கட்டுதல் என்னும் பள்ளி

திருவனந்தபுரத்தின் கரை சரிவானது. அலை கரைக்கு அருகில் எழுந்து செங்குத்தாக உடைகிறது. விழிஞ்ஞம் நீங்கலாக இயற்கையான ஒதுக்கிடம் அரிது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று இந்த அலையைப் பன்மடங்காக்குகிறது. வடக்கே கொல்லம், ஆலப்புழைப் பக்கம் ஒற்றைமரத்தைக் குடைந்த வள்ளங்கள் மிகுதியாக இருந்தபோது, திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே கன்னியாகுமரி வரை கட்டுமரமே பெருவழக்காக இருந்ததற்கு இக்கடலே காரணம். கட்டுமரத்துக்கு உள்ளே என்று ஓர் இடமில்லை. ஆகவே அதில் நீர் நிரம்பவும் முடியாது. அலை மேலே விழுந்தால் கட்டைகளின் இடுக்கு வழியே வடிந்துவிடும். கவிழ்ந்தாலும் மிதக்கும், ஓரிருவர் சேர்ந்து திருப்பிவிடலாம்.

இக்கலத்தின் தொன்மைக்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்னும் கிரேக்கக் கடற்பயணக் கையேடு, சோழமண்டலக் கரையில் பெருமரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் கலங்களைக் குறிப்பிடுகிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயக் கடலோடி வில்லியம் டாம்பியர் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். பின்னர் அச்சொல் ஆங்கிலத்தில் ‘கேட்டமரான்’ ஆகி, பசிபிக் தீவுகளின் இரட்டை உடற்கலங்களைப் போன்றவற்றுக்குப் பெயராயிற்று. 1876இல் அமெரிக்கர் நதானியேல் ஹெரஷாஃப் வடிவமைத்த ‘அமரில்லிஸ்’ என்னும் இரட்டை உடற்படகுக்குப் பின் அந்தப் பொருளே உலகெங்கும் நிலைத்தது. சொல் நம்முடையது, அது இன்று சுட்டும் பொருள் நம்முடையதன்று.

இந்திய மீன்பிடிக் கலங்களின் வடிவங்களை முறையாக வகைப்படுத்திய முன்னோடி ஜேம்ஸ் ஹோர்னல். சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய அவர், 1920இல் வங்க ஆசியக் கழகத்தின் வெளியீடாக வந்த தம் ஆய்வில் கட்டுமரத்தின் வட்டார வேறுபாடுகளைப் பதிவு செய்தார். வடிவங்களைப் பதிவு செய்வது ஒன்று. அவை எவ்வாறு கற்கப்பட்டன என்பது வேறொன்று. பின்னதற்கு நாம் கரையில்தான் விடை தேட வேண்டும்.

கட்டுமரத்தில் இரு வேலைகள் உண்டு. எடை குறைந்த மரத்தைத் தேர்ந்து, அணியம் மேல்நோக்கி வளையுமாறு வாய்ச்சியாலும் உளியாலும் செதுக்குவது முதல் வேலை. இது கைதேர்ந்தவரின் வேலை. செதுக்கிய கட்டைகளை முன்னும் பின்னும் கயிற்றால் பிணைப்பது இரண்டாம் வேலை. இது கடலுக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் உரியது. சிறுவன் முதலில் கயிற்றைப் பிடித்து நிற்பான்; பிறகு இழுப்பான்; பிறகு சுற்றுவான்; கடைசியில் முடிவான். தான் முடிந்த கட்டின்மீது தானே ஏறி அலைக்குள் போவான். முடிச்சு சரியா என்பதைக் கூறும் ஆசிரியர் கடல், தேர்வு நாள்தோறும்.

இதை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். களப்பணியின் தொடக்கத்தில், நகருக்குத் தெற்கே ஒரு கரையில், முதியவர் ஒருவரிடம் சொற்பட்டியலை நீட்டிப் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் விடை சொல்வதை நிறுத்திவிட்டுக் கயிற்றை என் கையில் கொடுத்தார். நான் கட்டியதைக் காலால் ஓர் உதை உதைத்தார், கட்டை நழுவியது. அதன் பிறகே பெயர்களைச் சொன்னார். என் குறிப்பேட்டில் அன்றுவரை இருந்தவை பெயர்ச்சொற்கள் மட்டுமே. இறுக்குவது, தளர்த்துவது, சுற்றுவது, நெருக்குவது, ஊற விடுவது என வினைகள் அன்றுதான் வந்து சேர்ந்தன. ஒரு தொழிலின் அறிவு பெயர்களில் கொஞ்சமும் வினைகளில் மிகுதியும் தங்கியிருக்கிறது என்ற எளிய உண்மையை எந்த வகுப்பறையும் எனக்கு இவ்வளவு சுருக்கமாகக் கற்பித்ததில்லை.

3. தையலும் ஆசாரியும் ஏடும்

கெட்டுவள்ளத்தின் பள்ளி வேறு. ஆஞ்ஞிலி போன்ற மரங்களின் பலகைகளை விளிம்போடு விளிம்பு பொருத்தி, விளிம்பு நெடுகத் துளையிட்டு, பொருத்துவாயில் தென்னை நாரைத் திணித்து, கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். மேலே முந்திரி ஓட்டு எண்ணெயையோ மீன் எண்ணெயையோ பூசுவார்கள். ஆணி அடித்த பலகை அலையின் அறையை விறைப்பாக எதிர்கொள்ளும். தைத்த பலகை சற்று நெளிந்து கொடுக்கும். சென்னைக் கரையின் மசூலாப் படகுகள் ஆணியின்றித் தைக்கப்பட்டதும் இதே காரணத்தால்தான். தையல் நிலையானதும் அல்ல. குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்து மீண்டும் தைக்கப்பட வேண்டும். ஆக இங்கும் கட்டுதல் என்பது மீண்டும் மீண்டும் நிகழ்வது.

ஆனால் பலகையை அறுப்பதும் வளைப்பதும் ஆசாரியின் கையில் இருந்தன. கற்பவர் ஆசாரியின் மகனாகவோ மருமகனாகவோ இருக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் உடனிருக்க வேண்டும். வரைபடம் கிடையாது. கோலும் முழமும் விரலும் அளவுகள், கண்ணே வரைபடம். கட்டுமரக் கரையில் கடலோடியே கட்டுபவரும் ஆனார். இங்கே பிறப்பும் உறவும் வாயிலைக் காத்தன.

எழுதப்பட்ட நூல்கள் இல்லையா என்ற கேள்வி எழும். இருந்தன. போஜனின் பெயரில் வழங்கும் ‘யுக்தி கல்பதரு’ என்னும் வடமொழி நூல் மரங்களையும் கலங்களையும் வகைப்படுத்துகிறது. கடலிலுள்ள காந்தத்தால் இரும்பு ஈர்க்கப்படும் என்று அஞ்சி, கடற்கலத்தின் பலகைகளை இரும்பால் பிணைக்கலாகாது என்கிறது. தமிழிலும் கப்பல் சாத்திரச் சுவடிகள் கிடைத்து அச்சேறியிருக்கின்றன. இவ்வகை நூல்கள் மரத்தின் குணத்தையும் அளவின் நற்பலன் தீப்பலன்களையும் சொல்பவை. பலகையை எப்படி வளைப்பது என்பதை ஒரு புதியவர் இவற்றைப் படித்து அறிய முடியாது. அந்த அறிவு ஏட்டுக்கு வரவே இல்லை. வரவேண்டிய தேவையும் எழவில்லை.

சொற்கள் மட்டும் தம் பயணத்தைத் தொடர்ந்தன. அணியம், அமரம் என்னும் சொற்கள் முறையே முன்தலையையும் பின்தலையையும் குறித்துத் தமிழிலும் மலையாளத்திலும் பொதுவாக வழங்குகின்றன. 1991இல் வெளிவந்த ‘அமரம்’ திரைப்படத்தின் பெயரைப் பலர் இறவாமை என்று பொருள்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். கடற்கரையில் அது சுக்கான் பிடிப்பவரின் இடம். பலகை இடுக்குகளை அடைப்பதற்குரிய ‘கலப்பற்று’ என்ற சொல்லைப் பாருங்கள். கலம், பற்று எனப் பிரித்துத் தமிழாகவே கொள்ளத் தோன்றும். அது அரபு, போர்த்துக்கேயம் முதலிய மொழிகளில் வழங்கும் ‘கலஃபாத்’ என்ற சொற்குடும்பத்தைச் சேர்ந்தது. துறைமுகங்கள்தோறும் ஏறி இறங்கிய அச்சொல்லுக்கு நம் கைவினைஞர்கள் தமிழ் முகம் ஒன்றைத் தந்திருக்கிறார்கள். கற்பவர்கள் தம்மைப் போன்றவர்களிடம் மட்டும் கற்கவில்லை என்பதற்கு அச்சொல்லே சான்று.

4. வரைபடம் வந்த காலம்

1953இல் கொல்லத்துக்கு அருகிலுள்ள நீண்டகரை, சக்திகுளங்கரைப் பகுதியில் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கியது. வளரும் நாடொன்றின் மீன்பிடித் துறையை நவீனப்படுத்த முயன்ற தொடக்ககால வெளிநாட்டு உதவித் திட்டங்களில் அது ஒன்று. உள்ளூர்க் கலங்களில் இயந்திரம் பொருத்தும் எண்ணம் பலிக்காமல் போகவே, 22 அடி, 25 அடி நீளமுள்ள புதிய படகுகள் வடிவமைக்கப்பட்டன. தென்கேரளத்தின் மீன்பிடிக் கரைகளில் படகுக்கு முன்னால் தாளில் படகு வந்தது ஏறக்குறைய இக்காலத்தில்தான்.

வரைபடம் பெரும் சனநாயகக் கருவி. உறவுமுறை இல்லாதவரும் அதைப் படித்துக் கற்கலாம். ஆனால் அந்தப் படகுகளுக்கு நீண்டகரைக் கழிமுகம் போன்ற அமைதியான நீர் வேண்டும். அலை உடையும் திருவனந்தபுரம் மணலில் அவற்றை ஏற்றவும் இயலாது, இறக்கவும் இயலாது. 1960களில் இறால் ஏற்றுமதி பெருகியதும் இயந்திரப் படகுகள் இழுவலைக்கு மாறின. கட்டுமரக்காரர்கள் பிடிப்பை இழந்தனர். 1970களின் மோதல்களும், 1980இல் கேரளக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டமும், 1988 முதல் மழைக்கால இழுவலைத் தடையும் இதன் தொடர்ச்சி. படகு வடிவத்தைத் தீர்மானிப்பவர் யார் என்பது பொறியியல் கேள்வி மட்டுமன்று. யாருடைய கரை வாழும் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

5. முட்டமும் அஞ்சுதெங்கும்

1970களின் இறுதியில் கட்டுமரக் கரை இரு புறமும் நெருக்கப்பட்டது. பெருமரங்கள் அரிதாகி விலை உயர்ந்தது. வெளிப்பொருத்து இயந்திரங்கள் சந்தைக்கு வந்தன. கட்டுமரத்தில் அவற்றைப் பொருத்துவது எளிதாக இல்லை. அப்போது இரு இடங்களில் புதிய படகுத்தளங்கள் இயங்கின. ஒன்று கன்னியாகுமரி மாவட்டத்தின் முட்டம்; மற்றொன்று திருவனந்தபுரத்துக்கு வடக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஞ்சுதெங்கு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லை இவ்விரண்டையும் பிரித்தது. அதற்கு முன் இரண்டும் திருவிதாங்கூர்ப் பகுதிக் கரைகளே. கடலோடிகளின் பேச்சும் உறவும் இன்றும் எல்லையைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை.

பொருளியலறிஞர் சூமாக்கர் 1966இல் இங்கிலாந்தில் நிறுவிய இடைநிலைத் தொழில்நுட்ப வளர்ச்சிக் குழு, பிரித்தானியப் பொறியாளர் எட்வின் கிஃபோர்டு, முட்டத்தில் பணியாற்றிய பெல்ஜியப் பொறியாளர் பியர் ஜிலே, 1980இல் உருவாகித் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு ஆகியோர் இம்முயற்சியின் முதன்மைப் பங்காளர்கள். கடற்கலத் தர ஒட்டுப்பலகையைக் கொண்டு, அலை உடையும் கரையிலிருந்து இறக்கக்கூடிய எடை குறைந்த படகை உருவாக்குவது நோக்கம்.

ஜிலே பின்னர் இவ்வனுபவத்தை நூலாக எழுதினார். 1985இல் வெளிவந்த அந்நூலின் தலைப்பு ‘சிறியது கடினம்’ என்று பொருள்படும். சூமாக்கர் 1973இல் எழுதிய ‘சிறியதே அழகு’ என்ற புகழ்பெற்ற நூலின் தலைப்பை எதிரொலித்து, அதனோடு மென்மையாக முரண்படும் தலைப்பு இது. முதலில் வந்த வடிவங்கள் அப்படியே ஏற்கப்படவில்லை. கடலில் சோதித்து, மீனவர் குறைகூறி, திருத்தி, மீண்டும் சோதித்து என நீண்டது பணி.

மீனவரின் குறைகள் எத்தகையவை? ஒரு கட்டுமரக்காரரின் இடத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். அவர் நீர்மட்டத்துக்கு நெருக்கமாக அமர்ந்து தூண்டில் கயிற்றைக் கையால் உணர்ந்து பழகியவர். உயர்ந்த பக்கச்சுவர் அவருக்குக் காப்பு அன்று, தடை. கவிழ்ந்தால் நிரம்பிவிடும் கலத்தை அவர் நம்ப மாட்டார்; மூடிய மிதவை அறைகள் வேண்டும். கரையேறும்போது நான்கைந்து பேர் இழுக்கும் எடைக்குள் அது இருக்க வேண்டும். அலையின் இடைவெளியைக் கணித்துப் பாயும் நொடியில் அணியம் எவ்வளவு விரைவாக எழும் என்பது உயிர்ப் பிரச்சினை. இவற்றில் ஒன்றும் வரைபடத்தில் முன்கூட்டியே இருந்திருக்க இயலாது. கட்டுமரப் பள்ளியில் பயின்ற உடலின் அறிவு, திருத்தங்களின் வழியே வரைபடத்துக்குள் நுழைந்தது.

தளங்களில் தொழில் பயின்றவர்களுள் மீனவக் குடும்பத்து இளைஞர்கள் இருந்தனர். மரபான தச்சுக்கு ஆண்டுகள் பிடிக்கும்; ஒட்டுப்பலகைப் படகு கட்டும் வேலையைச் சில மாதங்களில் பழகலாம். தளங்களில் பழகியவர்கள் சிலர் பின்னர் வெளியேறிச் சொந்தத் தளங்கள் அமைத்தார்கள். ஒரு தொழில்நுட்பம் வேரூன்றியது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று இருக்க முடியாது என்பது என் கருத்து.

6. புதியவருக்காகப் பிறந்த தையல்

இம்முறையைப் புரிந்துகொள்ள ஒரு கணம் இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். 1963இல் ‘டெய்லி மிரர்’ நாளிதழின் ஆதரவில் ‘மிரர்’ என்ற சிறுபாய்ப்படகு அறிமுகமாயிற்று. வடிவமைத்தவர்கள் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும், வீட்டுத் தச்சுவேலையைத் தொலைக்காட்சியில் கற்பித்துவந்த பேரி பக்னெலும். தச்சுப் பயிற்சி இல்லாத நடுத்தரக் குடும்பத்தவர் தம் வீட்டிலேயே கட்டிக்கொள்ள வேண்டும் என்பதே குறிக்கோள். ஏறத்தாழ 3.3 மீட்டர் நீளமுள்ள இப்படகு 70,000க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது.

அதன் முறை ‘தைத்து ஒட்டுதல்’. ஒட்டுப்பலகையைக் காகிதம்போல் ஒரு திசையில் மட்டுமே வளைக்க முடியும். ஆகவே படகின் பக்கங்களையும் அடித்தளத்தையும் தட்டையாக விரித்தால் எவ்வடிவம் வருமோ அவ்வடிவில் முதலில் வெட்டிக்கொள்ள வேண்டும். விளிம்புகளில் துளையிட்டு, செம்புக் கம்பித் துண்டுகளால் தைத்து இறுக்கினால், தட்டையான பலகைகள் தாமாகவே வளைந்து படகின் உருவைப் பெறும். பிறகு உட்புறப் பொருத்துவாய்களில் பிசினும் கண்ணாடியிழை நாடாவும் இட்டு ஒட்டினால் தையலின் பணி முடிந்தது. வழக்கமான படகில் எரா வைத்து, வங்குகளை நிறுத்தி, அவற்றின்மேல் பலகையை வளைக்க வேண்டும். இங்கே வெட்டிய விளிம்பே வளைவைத் தீர்மானிக்கிறது. ஆசாரியின் கண்ணுக்குள் இருந்த வளைவு தாளில் இறங்கிவிட்டது.

இங்குதான் ஒரு வரலாற்று வியப்பு இருக்கிறது. தையலால் கலம் கட்டுவது இந்தியப் பெருங்கடலின் பழைய முறை. 1980இல் டிம் செவரின் ஓமானின் சூர் நகரில் ‘சோஹார்’ என்ற தைத்த கப்பலைக் கட்டியபோது மரம் மலபாரிலிருந்து சென்றது. தைத்தவர்கள் இலட்சத்தீவுகளிலிருந்து சென்றனர். ஏறக்குறைய அதே ஆண்டுகளில், இங்கிலாந்தின் புதியவருக்காகப் பிறந்த வேறொரு தையல்முறை நம் கரைக்கு வந்துகொண்டிருந்தது. இரு தையல்களும் ஒன்றல்ல. நம் கயிற்றுத்தையலே கலத்தைத் தாங்குகிறது, அவிழ்த்துப் புதுப்பிக்கலாம். அவர்களது கம்பித்தையல் ஒட்டும் வரை பிடித்திருக்கும் தற்காலிகக் கை. ஒட்டிய பின் அவிழ்க்க முடியாது. வினைத்தொகையின் மூன்று காலங்களுள் இறந்தகாலம் மட்டும் மிஞ்சிய கலம் அது: கட்டிய படகு.

7. அச்சு வந்த பிறகு

அடுத்து வந்தது கண்ணாடியிழைப் படகு. ஓர் அச்சு இருந்தால் போதும். இழைப்பாயை விரித்து, பிசினைப் பூசி, இறுகியதும் உரித்தெடுத்தால் படகு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகத் தமிழகக் கரையெங்கும் இத்தகைய படகுகள் பெருமளவில் வழங்கப்பட்டன. அழிந்த கட்டுமரங்களின் இடத்தைப் பெரும்பாலும் அவையே நிரப்பின. அவசரத்தில் வார்த்த பலவற்றின் தரம் குறித்து அப்போதே கவலை எழுந்தது.

அச்சு முறையில் ஒரு புதியவர் சில வாரங்களில் வேலைக்குத் தகுதி பெற்றுவிடுவார். ஆனால் அவர் கற்பது என்ன? பிசினைக் கலக்கும் விகிதம், இழைப்பாயின் அடுக்கு, காற்றுக் குமிழை உருளையால் வெளியேற்றுவது. இவை மதிப்புள்ள திறன்கள்தாம். படகின் வடிவம் பற்றிய ஒரு முடிவையும் அவர் எடுப்பதில்லை. முடிவுகள் அனைத்தும் அச்சில் உறைந்துவிட்டன.

வரலாற்றின் போக்கை இவ்வாறு சுருக்கலாம். ஒவ்வொரு புதிய முறையும் புதியவருக்கான வாயிலை அகலமாக்கியது. ஒவ்வொன்றும் கட்டுபவரைக் கடலிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்தது. கட்டுமரத்தில் கட்டுபவரும் ஏறுபவரும் ஒருவர். அச்சுக்கூடத்தில் வார்ப்பவர் கடலைப் பார்க்காமலேயே இருக்கலாம். முட்டம், அஞ்சுதெங்குத் தளங்களின் தொடக்க ஆண்டுகளை நான் முக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் இதுவே. வாயிலும் அகலமாக இருந்தது, கடலும் அருகில் இருந்தது.

இதைப் பழமைப் பற்று என்று எவரும் கருதிவிட வேண்டாம். கட்டுமரத்தின் உழைப்பு கொடியது. அதில் சென்று திரும்பாதவர்கள் ஏராளம். புதிய படகுகளின் பயனை 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் கேரளம் முழுவதும் கண்டது. கரையில் கையால் இழுக்கக்கூடிய எடையில் இருந்ததால்தான் திருவனந்தபுரம் கடற்கரைப் படகுகளை லாரிகளில் ஏற்றிப் பத்தனம்திட்டைக்கும் செங்கன்னூருக்கும் கொண்டுசெல்ல முடிந்தது. கரைமணல் கேட்ட எடைக்கட்டுப்பாடு, மலைநாட்டு வெள்ளத்தில் உயிர்களைக் காத்தது. நான் கேட்பது வேறு: அந்தக் கட்டுப்பாட்டை வடிவத்துக்குள் எழுதிய அறிவு அடுத்த தலைமுறைக்கு எவ்வழியே செல்லும்? வலியதுறை, சங்குமுகம் போன்ற இடங்களில் கடலரிப்பு மணலையே தின்றுகொண்டிருக்கிறது. படகை ஏற்றி, உலர்த்தி, பழுதுபார்த்து, அருகில் நிற்கும் சிறுவனுக்குக் கற்பிக்கும் வகுப்பறை அம்மணல்தான்.

8. எனவே, புதியவர் எங்கிருந்து தொடங்குவது?

அந்த மாணவருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய விடை இது.

முதலில் கெட்டி அட்டையில் ஒரு படகு செய்யுங்கள். பத்தில் ஒரு பங்கு அளவில் தட்டை வடிவங்களை வெட்டி, விளிம்புகளை ஊசிநூலால் தைத்து இறுக்குங்கள். அட்டை தானாக வளைந்து படகாவதைக் கண்ணால் காணும் வரை எந்தக் கையேடும் முழுமையாக விளங்காது. வளைய மறுக்கும் இடத்தில் உங்கள் வடிவமைப்புப் பிழை இருக்கும்.

அடுத்து மரத்தையும் பிசினையும் அறிந்துகொள்ளுங்கள். கடற்கலத் தர ஒட்டுப்பலகைக்கு இந்தியத் தர நிர்ணயத்தின் ‘ஐ.எஸ். 710’ என்ற குறியீடு உண்டு. அதன் ஒட்டு 72 மணிநேரக் கொதிநீர்ச் சோதனையைத் தாங்க வேண்டும். பலகை 8 அடிக்கு 4 அடியாகவே வழக்கமாகக் கிடைக்கும் என்பதால் நீண்ட படகுக்குப் பலகைகளைச் சாய்வாகச் சீவி இணைக்க வேண்டும். சாய்வின் நீளம் தடிமனைப்போல் எட்டு மடங்கு என்பது பொதுவிதி: 6 மி.மீ. பலகைக்கு 48 மி.மீ. இந்த ஓர் இணைப்பைப் பிழையின்றிச் செய்யப் பழகினால் பாதித் தொழில் கைவந்ததாகக் கொள்ளலாம். உலக உணவு வேளாண்மை நிறுவனம் சிறு மீன்பிடிப் படகுகளுக்கான வடிவமைப்புக் கையேடுகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றை இந்தக் கட்டத்தில் படியுங்கள், இதற்கு முன் வேண்டாம்.

மூன்றாவதாக, புதிய படகு கட்டுவதற்கு முன் பழைய படகைப் பழுதுபாருங்கள். கரையில் பழுதுபார்க்கும் இடத்தில் ஒரு மாதம் உதவியாளராக நில்லுங்கள். படகு எங்கே உடைகிறது என்பதே அது எப்படிக் கட்டப்பட வேண்டும் என்பதைச் சொல்லும். கட்டுமரக்காரர்கள் நாள்தோறும் கற்றது இதைத்தான். அவிழ்ப்பதில்தான் கட்டுவது விளங்குகிறது.

நான்காவதாக, நீங்கள் கட்டியதில் முதலில் நீங்களே ஏறுங்கள். அமைதியான நீரில், மிதவைச் சட்டையுடன், கடலறிந்த ஒருவர் அருகிலிருக்க ஏறுங்கள். அவர் சொல்லும் குறைகளை எழுதிக்கொள்ளுங்கள். பெயர்களோடு நில்லாமல் அவர் பயன்படுத்தும் வினைகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கயிற்றுத்தையல் முற்றிலும் மறைந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியக் கடற்படைக்காகக் கேரளத் தச்சர் பாபு சங்கரன் தலைமையிலான கைவினைஞர்கள் கோவாவில் தைத்த ‘கௌண்டின்யா’ கப்பல், 2025 மே மாதம் கார்வாரில் கடற்படையில் சேர்க்கப்பட்டது. அந்தப் பழைய கலத்துக்கு வரைபடம் எதுவும் எஞ்சியிருக்கவில்லை. அசந்தா ஓவியத்தின் உருவமும், தைப்பவர்களின் கைப்பழக்கமும், சென்னை ஐ.ஐ.டி.யில் நடந்த மாதிரிச் சோதனைகளும் சேர்ந்து அதை உருவாக்கின. கையும் கணக்கும் கடலும் ஒரே இடத்தில் கூடினால் இழந்ததாக நினைத்ததையும் மீட்கலாம் என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் அதற்குத் தைக்கத் தெரிந்த ஒரு கையாவது மிஞ்சியிருக்க வேண்டும்.

என் தொகுப்பில், கட்டுமரக் கட்டு தொடர்பான பல சொற்களை முதியவர்கள் மட்டுமே சொல்கிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அவற்றைக் கேட்டதே இல்லை. அகராதியில் ஏற்றிவிட்டால் சொல் பிழைக்கும் என்று முதலாண்டில் நம்பினேன். இப்போது அந்நம்பிக்கை குறைந்திருக்கிறது. செய்யப்படாத வினைக்கு அகராதியில் பொருள் இருக்கலாம். கற்பிக்கும் வலிமை இருக்காது.

இப்பதிவைப் படிக்கும் மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரில் கடலோ ஏரியோ ஆறோ இருந்து, அங்கே கலம் கட்டுவோர் எவரேனும் இருந்தால், அவர்கள் கயிற்றை இறுக்குவதற்கும் தளர்த்துவதற்கும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு, ஊர்ப்பெயரோடு கீழே எழுதுங்கள். கேட்கும் முன் ஒருமுறை அவர்களிடம் கயிற்றை வாங்கிக் கட்டிப் பாருங்கள்.